புகையிலை வரி: அரசின் வருவாயும் விவசாயியின் வருமானமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகையிலைப் பொருட்களுக்கு வரியை உயர்த்தும் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு எதிர்ப்புகள் தவறாமல் வருகின்றன. கள்ளக்கடத்தல் பெருகி அரசுக்கு வரவேண்டிய பணம் குறைந்துவிடும் என்பது ஒன்று. புகையிலை பயிரிடும் விவசாயிகளின் பிழைப்பு கெட்டுப்போகும் என்பது மற்றொன்று. முதலாவதை ஓரளவு கணக்குப் போட்டே சோதித்துவிடலாம். இரண்டாவதற்கு, வயலிலிருந்து சிகரெட் பெட்டி வரைக்கும் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கவேண்டும்.

புகையிலை வரி என்றால் எந்த வரி?

பொதுவாக மூன்று வரிகள் சேர்ந்தே விலையில் அமர்கின்றன: எல்லாப் பொருட்களுக்கும் உள்ள விற்பனை வரி அல்லது மதிப்புக்கூட்டு வரி, வெளிநாட்டிலிருந்து வருவதற்கான சுங்க வரி, புகையிலைக்கென்றே விதிக்கப்படும் கலால் வரி. இந்தப் பக்கத்தில் வரி என்று சொல்வது பெரும்பாலும் கலால் வரியைத்தான். மற்ற பொருட்களோடு ஒப்பிடும்போது புகையிலையின் விலையை உயர்த்திக் காட்டுவது அந்த ஒரு வரிதான். அது தொழிற்சாலை வாசலிலோ துறைமுகத்திலோ வசூலாகிறது. பெட்டிக்கடைக்காரரிடமும் விவசாயியிடமும் யாரும் போய்க் கேட்பதில்லை. இலட்சக்கணக்கான இடங்களில் விற்கும் பொருளுக்கு வரி வசூலிக்கச் சில தொழிற்சாலைகளைக் கண்காணித்தால் போதும் என்பதால், நிதித்துறையினருக்கு இது மிக வசதியான வரி.

சில்லறை விலையில் மொத்த வரியின் பங்கு குறைந்தது 75 விழுக்காடு இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த அளவை எட்டிய நாடுகள் உலகில் நாற்பது அளவிலேயே உள்ளன.

வரி உயர்ந்தால் விற்பனை குறையும். அப்படியிருக்க வருவாய் எப்படிக் கூடும்?

இதற்கு ஒரு சிறு கணக்கே போதும். ஒரு பெட்டியின் விலை 100 அலகு என்றும், அதில் 60 அலகு வரி என்றும், மீதி 40 அலகு உற்பத்தியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் ஆகியோருக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நூறு பெட்டி விற்றால் அரசுக்கு 6,000 அலகு. இப்போது வரியை 90 ஆக்குகிறோம். விலை 130 ஆகிறது, அதாவது 30 விழுக்காடு கூடுகிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, விலை 10 விழுக்காடு ஏறினால் நுகர்வு வளர்ந்த நாடுகளில் சுமார் 4 விழுக்காடும், மற்ற நாடுகளில் சராசரியாக 5 விழுக்காடும் குறைகிறது. 5 என்றே எடுத்துக்கொண்டால், நம் கணக்கில் விற்பனை 15 விழுக்காடு குறைந்து 85 பெட்டி ஆகும். எண்பத்தைந்தைத் தொண்ணூறால் பெருக்கினால் 7,650. விற்பனை குறைந்தும் வருவாய் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது.

இதே கணக்கில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும், அதைப் பலர் கவனிப்பதில்லை. வரி போகத் தொழிலுக்குக் கிடைத்தது முன்பு நூறு பெட்டிக்கு 4,000 அலகு, இப்போது 85 பெட்டிக்கு 3,400 அலகு. இழந்தது அரசு அல்ல, தொழில்தான். வருவாய் இழப்பைப் பற்றி அரசைவிடத் தொழில்துறை ஏன் அதிகம் கவலைப்படுகிறது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

நடைமுறையிலும் இது நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1990களின் நடுவிலிருந்து வரியைச் சில்லறை விலையில் பாதியாக்கும் குறிக்கோளுடன் ஆண்டுதோறும் உயர்த்தியது; அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சிகரெட் விற்பனை பெருமளவு சரிந்தது, பணவீக்கத்தைக் கழித்த பிறகும் கலால் வருவாய் இருமடங்குக்கு மேல் ஆனது. பிலிப்பைன்சில் 2012 டிசம்பரில் கையெழுத்தான வரிச் சீர்திருத்தச் சட்டம் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஓராண்டிலேயே புகையிலைக் கலால் வருவாய் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொண்டே போகலாமா?

முடியாது, அப்படிச் சொல்பவர்களும் கணக்கைப் பாதியில் நிறுத்தியவர்களே. ஆஸ்திரேலியா 2010 ஏப்ரலில் வரியை ஒரே நாளில் 25 விழுக்காடு உயர்த்தியது. பிறகு 2013 டிசம்பரிலிருந்து 2020 வரை ஆண்டுக்கு 12.5 விழுக்காடு ஏற்றம், அதற்கு மேல் ஊதிய உயர்வோடு இணைந்த ஏற்றம் என்று தொடர்ந்தது. பல ஆண்டுகள் வருவாய் ஏறியது. 2019–20 நிதியாண்டில் 1,600 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. அதன்பின் சரியத் தொடங்கி, ஐந்தே ஆண்டுகளில் அதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. புகைப்பவர்கள் குறைந்தது, மின்னணு சிகரெட்டுக்கு மாறியது, வரி கட்டாத சரக்கு பெருகியது ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு இது. எது எத்தனை பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடைசிக் காரணத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இதிலிருந்து, வரியே தவறு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பெரும்பாலான நாடுகளில் வரி அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் புகையிலை வருவாய் ஒரு கட்டத்துக்குப் பின் வற்றும் ஊற்று என்பதை அரசு முன்கூட்டியே எண்ணிக்கொள்ளவேண்டும். அது பெருகி வரும் ஆண்டுகளில் அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பது பின்னால் விவசாயியைப் பற்றிய கேள்வியில் மிக முக்கியமாகிறது.

வரியின் அளவு ஒருபுறம் இருக்க, அதன் வடிவம் ஏன் முக்கியம்?

ஆயிரம் சிகரெட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையைக் கணக்கிட்டு விதிக்கும் வரி ஒரு வகை; விலையில் இத்தனை விழுக்காடு என்பது மற்றொரு வகை. இரண்டாவது வகையில், உற்பத்தியாளர் அடிப்படை விலையைக் குறைத்தால் வரியும் தானாகவே குறையும்; மலிவான ரகங்கள் பிழைத்துக்கொள்ளும். முதல் வகையில் மலிவு, விலையுயர்ந்தது என்ற பாகுபாடு இல்லை, ஆனால் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தாவிட்டால் சில ஆண்டுகளில் அந்த வரி இருந்தும் இல்லாததற்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் கலந்து விதிப்பதோடு, குறைந்தபட்ச அளவையும் நிர்ணயித்திருக்கிறது.

மிக மோசமானது அடுக்கு முறை. நீளத்துக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, கையால் சுற்றியதற்கு ஒன்று, இயந்திரத்தில் செய்ததற்கு ஒன்று என்று படிகள் வைத்தால், வரி ஏறும்போது புகைப்பவர் ஒரு படி கீழே இறங்கிக்கொள்வார். புகைப்பதும் குறையாது, வருவாயும் எதிர்பார்த்த அளவு வராது. பிலிப்பைன்ஸ் தன் படிகளை இரண்டாகச் சுருக்கி, 2017இல் ஒன்றாக்கியது இதனால்தான். இந்தோனேசியா இன்னும் பல படிகளோடு திண்டாடுகிறது.

வரி உயர்ந்தால் கடத்தல் பெருகாதா?

பெருகலாம். 1604இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் ஒரு பவுண்டு புகையிலைக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆக்கியபோதே, அதாவது நாற்பது மடங்கு ஏற்றியபோதே, கடத்தலும் கூடவே வந்துவிட்டது. ஆனால் வரி உயரமாக உள்ள நாடுகளில்தான் கடத்தல் அதிகம் என்று எண்ணினால் அது பொருந்தாது. வரி குறைவாக இருந்தும், எல்லைக் காவலும் வரித்துறையும் பலவீனமாக உள்ள நாடுகளில் கடத்தல் கொடிகட்டிப் பறக்கிறது.

கனடாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே வரி கடுமையாக உயர்ந்தது. கனடிய சிகரெட்டுகள் ஏற்றுமதி என்ற பெயரில் வரியின்றி அமெரிக்காவுக்குப் போய், எல்லைவழியே திரும்பிவந்து கள்ளச்சந்தையில் விற்கப்பட்டன. வரிதான் காரணம் என்ற கூச்சல் எழ, 1994 பிப்ரவரியில் மத்திய அரசும் சில மாகாணங்களும் வரியைப் பெரிதாகக் குறைத்தன. வருவாய் விழுந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2008இல், அந்தக் கடத்தலுக்கான சரக்கை வழங்கியதில் தமக்கிருந்த பங்கை இரு பெரிய சிகரெட் நிறுவனங்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின. கடத்தலைக் காட்டி வரிக்குறைப்பு கேட்பவர் யார் என்று பார்ப்பதும் அரசின் வேலைதான்.

கடத்தலுக்கு எதிரான நடவடிக்கைகள் புதியவை அல்ல: போலி செய்யக் கடினமான வரி முத்திரை, தொழிற்சாலை முதல் கடை வரை ஒவ்வொரு பெட்டியையும் தொடரும் மின்னணுக் குறியீடு, உரிமம், சுங்கத்துறைகளிடையே தகவல் பரிமாற்றம். கென்யா 2013 முதல் மின்னணு முத்திரையைப் பயன்படுத்துகிறது. கள்ள வணிகத்தை ஒழிப்பதற்கான பன்னாட்டு நெறிமுறை 2012இல் சியோலில் ஏற்கப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

வரி உயர்ந்தால் விவசாயிக்கு இலையின் விலை குறையுமா?

பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காரணத்தைப் பொருளிலிருந்தே தொடங்குவோம். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பதப்படுத்திய ஒரு கிலோ இலையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகள் வந்துவிடும். எனவே பெட்டி விலையில் இலைக்காக விவசாயியின் கைக்குப் போவது மிகச் சிறிய பங்கு. இலை விலை இருமடங்கானாலும் பெட்டி விலை பெரிதாக அசையாது. பெட்டி விலை இருமடங்கானாலும் இலை விலை தானாக அசையாது.

அடுத்தது, இலை எங்கே போகிறது என்ற கேள்வி. மலாவியின் ஏற்றுமதி வருவாயில் மிகப்பெரிய பங்கு புகையிலைக்கு உரியது. அங்கே விளையும் இலை ஏறக்குறைய முழுவதும் வெளிநாடு போகிறது. மலாவி அரசு தன் நாட்டுச் சிகரெட் வரியை ஐந்து மடங்கு உயர்த்தினாலும் அந்நாட்டு இலைக்கான தேவை குறையப்போவதில்லை. வாங்கும் நாடுகள் புகைப்பதைக் குறைத்தாலோ, மலாவியில் வரியே இல்லாவிட்டாலும் அங்குள்ள விவசாயிக்குச் சிக்கல்தான். உள்ளூர் வரிக்கு எதிராக உள்ளூர் விவசாயியை நிறுத்துவது இத்தகைய நாடுகளில் பொருளற்ற வாதம்.

ஜிம்பாப்வே இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2000ஆம் ஆண்டில் 20 கோடி கிலோவைத் தாண்டி இருந்த அதன் விளைச்சல் 2008இல் 5 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. பிறகு மீண்டும் ஏறி 2023இல் 30 கோடி கிலோவை நெருங்கியது. விழுந்ததற்கு நிலப் பறிமுதலும் பொருளாதாரச் சீர்குலைவும் காரணம். ஏறியதற்கு ஒப்பந்த சாகுபடியும் சீனாவின் கொள்முதலும் காரணம். இந்த ஏற்ற இறக்கத்தில் சிகரெட் வரிக்குப் பங்கில்லை.

விளைவதும் புகைப்பதும் ஒரே நாட்டில் என்றால் நிலைமை சற்று வேறு. சீனா, இந்தியா, இந்தோனேசியா ஆகியவை அத்தகையவை. அங்கே விற்பனை 15 விழுக்காடு குறைந்தால் இலையின் தேவையும் குறையத்தான் செய்யும். ஆனால் அது ஒரே பருவத்தில் நடப்பதில்லை. பழக்கம் மெதுவாகத்தான் விடும். மக்கள்தொகை வளர்ச்சி குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். நிரப்பும் இலையின் அளவைக் குறைக்கும் உத்திகளாலும் தூள், காம்புகளைத் தாளாக்கிச் சேர்க்கும் முறையாலும் ஒரு சிகரெட்டுக்கு வேண்டிய இலை பல பத்தாண்டுகளாகவே குறைந்து வந்திருக்கிறது. அதற்காக விவசாயியின் பெயரில் யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

புகையிலை நல்ல இலாபம் தரும் பயிர் இல்லையா?

கையில் வாங்கும் தொகையை மட்டும் பார்த்தால் இலாபம்போலத்தான் தெரியும். ஒப்பந்த சாகுபடியில் விதை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் நிறுவனமோ இலை வியாபாரியோ கடனாகக் கொடுக்கிறார். விலையும் அவர் சொல்வதே. நாற்றங்கால், நடவு, நுனிக் கொழுந்தைக் கிள்ளுதல், பக்கத் தளிர்களை ஒடித்தல், அடியிலிருந்து இலை இலையாகப் பறித்தல், கோத்தல், கொட்டகையில் ஏற்றி உலர்த்துதல், பிரித்துக் கட்டுதல் என்று வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. சூட்டில் உலர்த்தும் வகைக்கு அடுப்பைப் பல நாள், இரவு பகல் பாராமல் காக்கவேண்டும்; விறகும் ஏராளமாக வேண்டும். கடைசியில் விற்பனைக் களத்தில் தரம் பார்ப்பவர் பொதிக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை உருவி, நிறம் பார்த்து, முகர்ந்து, ஒரு குறியீட்டை எழுதிவிட்டு அடுத்த பொதிக்கு நகர்கிறார். ஓராண்டு உழைப்பின் விலை அந்தச் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. தரம் ஒரு படி இறங்கினால் மறுத்துக் கேட்க விவசாயிக்கு வழி குறைவு. உலர்ந்த இலையை வீட்டுக்குத் திரும்பச் சுமந்துபோய் அவர் என்ன செய்வார்? பட்டுவாடாச் சீட்டில் கடன், வட்டி, போக்குவரத்து எல்லாம் கழிந்த பிறகே மீதித் தொகை வருகிறது.

கென்யா, மலாவி, சாம்பியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், குடும்பத்தாரின் கூலியில்லா உழைப்பையும் செலவாகக் கணக்கிட்டால் புகையிலை பயிரிடும் சிறு விவசாயிகளில் பலர் நட்டத்திலேயே இருப்பதைக் காட்டின. ஈரமான இலையைக் கையாளும்போது தோல்வழியே நிக்கோட்டின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் வரும் பச்சைப் புகையிலை நோய்க்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

நட்டம் என்றால் ஏன் தொடர்ந்து பயிரிடுகிறார்கள்?

வாங்க ஆள் உறுதி என்பதால். நட்டுவிட்டால் யார் எடுப்பார் என்ற கவலை இல்லை. முன்பணமாக இடுபொருள் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருகிறது, அதில் பள்ளிக் கட்டணமும் திருமணச் செலவும் கழிகின்றன. தக்காளிக்கோ பயற்றுக்கோ இந்த வசதி எதுவும் இல்லை. போன ஆண்டுக் கடன் அடையாதவர் இந்த ஆண்டும் நட்டே ஆகவேண்டும். ஆகவே, விவசாயி புகையிலையை விரும்புகிறார் என்பதைவிட, மற்ற பயிர்களுக்குக் கடனும் சந்தையும் இல்லை என்று சொல்வதே சரி.

இலைக்கே நேரடியாக வரி விதித்தால் என்ன?

அந்தச் சுமை பெரும்பாலும் விவசாயி மேல் இறங்கும், ஏனென்றால் பேரம் பேசும் வலிமை வாங்குபவரிடம்தான் இருக்கிறது. சீனாவில் வேறொரு விசித்திரம். 2006இல் விவசாய வரி நீக்கப்பட்டபோதும் இலை வரி மட்டும் தங்கிவிட்டது. கொள்முதல் மதிப்பில் 20 விழுக்காடான அதைக் கொள்முதல் செய்பவர் கட்ட, தொகை உள்ளாட்சிக்குப் போகிறது. விளைச்சல் கூடினால் தம் வருவாய் கூடும் என்பதால், புகையிலையை நடவைக்க உள்ளாட்சி அதிகாரிகளுக்கே அக்கறை பிறந்துவிடுகிறது.

கூடுதல் வருவாயில் விவசாயிக்குப் பங்கு தரும் நாடுகள் உண்டா?

உண்டு, அவற்றின் அனுபவம் ஒரே மாதிரி இல்லை. பிலிப்பைன்சில் வர்ஜீனியா புகையிலைக் கலாலில் 15 விழுக்காட்டை அது விளையும் மாகாணங்களுக்குத் தரவேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற புகையிலை வகைகள் விளையும் பகுதிகளுக்குக் கூடுதல் வருவாயில் பங்கு ஒதுக்கி, மீதியைச் சுகாதாரத்துக்கு வைத்தது. இந்தோனேசியாவும் கலாலில் சிறு பங்கை உற்பத்தி மாகாணங்களுக்குப் பிரித்துத் தருகிறது. இவற்றில் பொதுவான குறை, பணம் மாகாணத்துக்குப் போகிறதே தவிர விவசாயியின் கணக்குக்குப் போவதில்லை என்பது. பிலிப்பைன்ஸ் சட்டத்தின் பட்டியலில் கூட்டுறவு, மாற்றுத் தொழில் ஆகியவற்றோடு சாலைகளும் இடம்பெறுகின்றன. சாலை போடுவது எளிது, கண்ணுக்கும் தெரியும். கடனில் இருப்பவருக்கு அது கடனை அடைத்துத் தராது.

இதற்கு நேர்மாறாக, பணம் நேரே ஆளுக்குப் போன உதாரணம் அமெரிக்கா. அங்கே 1930களிலிருந்து யார் எவ்வளவு பயிரிடலாம் என்ற ஒதுக்கீட்டு முறையும் ஆதரவு விலையும் இருந்தன. 2004ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒழித்து, ஒதுக்கீட்டு உரிமையாளருக்கு ஒரு பவுண்டுக்கு 7 டாலரும், உண்மையில் பயிரிட்டவருக்கு 3 டாலரும் என்ற கணக்கில் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வழங்கியது. தொகை பொதுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. உற்பத்தியாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் வசூலிக்கப்பட்டது. புகையிலைப் பண்ணைகளின் எண்ணிக்கை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. உரிமையாளருக்குக் கிடைத்தது அதிகம், உழைத்தவருக்குக் குறைவு என்ற குறை நியாயமானதே. இருந்தாலும், வெளியேற விரும்புவோருக்குக் காசு கொடுத்து வழியனுப்பலாம் என்பதை அது காட்டியது.

மாற்றுப் பயிர் என்பது நடைமுறையில் சாத்தியமா?

விதையை மட்டும் கொடுத்தால் சாத்தியமில்லை. 2005இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு வரியையும் 17ஆம் பிரிவு விவசாயிகளுக்கான மாற்று வாழ்வாதாரத்தையும் பேசுகின்றன. முதலாவதில் நாடுகள் காட்டிய வேகம் இரண்டாவதில் இல்லை. கென்யாவின் மிகோரி மாவட்டத்தில் உலக சுகாதார நிறுவனம், உணவு மற்றும் வேளாண் அமைப்பு, உலக உணவுத் திட்டம் ஆகிய மூன்றும் அரசோடு சேர்ந்து தொடங்கிய முயற்சி இங்கே கவனிக்கத்தக்கது. விவசாயிகளுக்கு இரும்புச்சத்து மிகுந்த பீன்ஸ் விதையும் பயிற்சியும் கடன் வசதியும் தந்ததோடு, விளைந்ததை உலக உணவுத் திட்டம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டது. புகையிலை நிறுவனம் தந்துவந்த உறுதியான கொள்முதலை வேறொருவர் தந்ததும் விவசாயிகள் மாறினார்கள். பிறகு சாம்பியாவிலும் இந்த முறை தொடங்கப்பட்டது.

இந்த வரி ஏழைகளைத்தானே அதிகம் பாதிக்கிறது?

வரியைத் தொடர்ந்து கட்டும் ஏழைக்கு அது பாரம்தான், மறுக்கமுடியாது. ஆனால் விலை ஏறும்போது விடுபவர்களிலும் குறைப்பவர்களிலும் ஏழைகளும் இளைஞர்களுமே அதிகம். எனவே கூடுதல் வரியில் பெரும்பங்கு வசதியுள்ளவர்களிடமிருந்து வருகிறது, நோய் குறைவதன் பயனில் பெரும்பங்கு ஏழைகளுக்குப் போகிறது. புகைப்பதால் உண்டாகும் நோய்களின் மருத்துவச் செலவும் உழைப்பு இழப்பும் 2012இல் உலக அளவில் 1.4 இலட்சம் கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதில் ஏறக்குறைய 40 விழுக்காடு வளரும் நாடுகளுடையது.

ஓர் அரசு நாளை வரியை உயர்த்துவதாக இருந்தால் விவசாயிக்காக முதலில் என்ன செய்யவேண்டும்?

என்னைக் கேட்டால், வரி அறிவிக்கும் அதே வரவு செலவுத் திட்டத்தில், முதல் ஆண்டின் கூடுதல் வருவாயிலிருந்து ஒரு தொகையைப் புகையிலை விவசாயிகளின் இடுபொருள் கடனை அடைக்கவென்று ஒதுக்கவேண்டும். அடுத்த பருவத்தில் எதை நடுவது என்ற முடிவைக் கடன்தான் எடுக்கிறது. அது தீர்ந்தால்தான் விவசாயிக்கு வேறு பயிரை நினைத்துப் பார்க்கவே இடம் கிடைக்கும். அதன்பின் குறைந்தது மூன்று பருவங்களுக்கு மாற்றுப் பயிரைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அரசே கொள்முதல் செய்வதாக எழுத்தில் உறுதி தரலாம். ஒதுக்கீடு விவசாயியின் பெயருக்கு வரவேண்டும், மாவட்டத்தின் பெயருக்கு அல்ல. நிலமில்லாமல் குத்தகைக்குப் பயிரிடுபவரும் இலை பறிக்கும் கூலித் தொழிலாளியும் பட்டியலில் இருக்கிறார்களா என்று தனியாகச் சரிபார்க்கவேண்டும், ஏனென்றால் பட்டா உள்ளவர் பெயரை வைத்துத் தயாரிக்கும் எந்தப் பட்டியலிலும் முதலில் விடுபடுபவர்கள் அவர்கள்தான்.